தலைமுறைக் கடைகள் இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன? 210 படிவங்கள், ஒரு குழப்பம்

பவானிக்கரை | ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். வணிகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஈரோட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் குடும்பமாக நடத்தும் ஜவுளிக் கடைகளும் சிறு விசைத்தறிக் கூடங்களும் தங்கள் இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பதுதான் பொருள். எட்டு மாதம் அலைந்து 210 படிவங்களை நிரப்பி வைத்திருக்கிறேன். பத்துக் காரணங்களை எழுதிக் கொடுத்து, ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்தச் சொன்னேன்: போக்குவரத்து, வாடகை, நூல் கிடைப்பது, ஆள் கிடைப்பது, மின்சாரம், வங்கி, சந்தைக்கு அருகில் இருப்பது, ஒரே தொழில் செய்பவர்கள் பக்கத்தில் இருப்பது, அரசுச் சலுகை, சொந்த ஊரும் குடும்பமும். பிறகு காரெட் தரவரிசை (தரங்களை மதிப்பெண்ணாக்கிச் சராசரி எடுப்பது), கை-வர்க்கச் சோதனை (இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்ப்பது), காரணிப் பகுப்பாய்வு (ஒன்றாகச் சேர்ந்து நகரும் காரணங்களைக் குழுவாக்குவது). எங்கள் துறையில் முன்பு வந்த ஆய்வேடுகள் எல்லாம் இந்த வழியில்தான் போயிருக்கின்றன. நானும் அப்படியே போனேன்.

போக்குவரத்து முதலிடத்துக்கு வந்தது. சந்தை இரண்டாமிடம். குடும்பம் எட்டாமிடம்.

படிவத்தை மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கும் நேரத்தில்தான் அவர்கள் உண்மையில் பேசுகிறார்கள். ஒரு பெரியவர் போக்குவரத்துக்கு ஒன்று போட்டார். கடை எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். "அப்பா 1958இல் ஆரம்பித்தார்" என்றார். எதிரே இருக்கும் பஸ் நிறுத்தம்? "அது எவ்வளவோ பிறகு வந்தது. அப்போது இங்கே ஒரு புளியமரமும், வண்டிமாடு கட்டும் இடமும்தான்." அந்த நிறுத்தத்துக்காக அவருடைய அப்பா அங்கே வந்திருக்க முடியாது. என் அட்டவணையிலோ அவர் போக்குவரத்துக்காக இடம் தேர்ந்தெடுத்தவராக உட்கார்ந்திருக்கிறார். இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இதற்கு எந்தப் புள்ளியியல் சோதனை சரி? அல்லது சிக்கல் சோதனையில் இல்லையா?

———

நிகழ்தகவு | ஞாயிறு, இரவு 10.40

சிக்கல் சோதனையில் இல்லை அம்மா. முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். அட்டவணை அழகாக வந்துவிட்ட பிறகும் அந்தப் புளியமரத்தை மறக்காமல் வைத்திருக்கிறீர்களே, பெரும்பாலோர் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

இருபது ஆண்டுகளாகப் புள்ளியியல் கற்பிக்கிறேன். காரெட் முறையில் என்ன நடக்கிறது என்று மாணவர்களிடம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. ஒருவர் கொடுத்த தரத்திலிருந்து 0.5 கழித்து, 100ஆல் பெருக்கி, காரணங்களின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். பத்துக் காரணங்கள் என்றால் முதல் தரத்துக்கு 5, பத்தாவதற்கு 95 வரும். காரெட்டின் அட்டவணையைப் பார்த்து அவற்றை 82, 18 என்ற மதிப்பெண்களாக மாற்றி, கூட்டிச் சராசரி எடுக்கிறோம். மதிப்பீடுகள் இயல்நிலைப் பரவலில் (நடுவில் குவிந்து இரு பக்கமும் குறைந்துகொண்டே போவது) அமைந்திருக்கும் என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. ஹென்றி காரெட் உளவியலும் கல்வியியலும் படிப்பவர்களுக்காக எழுதிய முறை இது. கருத்துகளைத் தொகுப்பதற்கு நல்ல கருவிதான். 1958இல் ஒருவர் எடுத்த முடிவைத் தோண்டி எடுப்பதற்கான கருவி அது ஆகாது.

கை-வர்க்கத்தையும் பாருங்கள். வயதை நான்கு பிரிவாக்கி, பத்துக் காரணங்களோடு வைத்தால் 40 கட்டங்கள். 210 பேரைப் பரப்பினால் கட்டத்துக்குச் சராசரி ஐந்தே கால் பேர். பல கட்டங்களில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை (தொடர்பே இல்லையென்றால் வர வேண்டியது) ஐந்துக்குக் கீழே போகும், அப்போது சோதனையின் விடையை நம்ப முடியாது. இன்னொன்று. ஒரு ஆய்வேட்டில் முப்பது கை-வர்க்கச் சோதனைகள் சர்வ சாதாரணம். 5 விழுக்காட்டு அளவில், அதாவது நூற்றில் ஐந்து முறை தற்செயலாகத் தவறலாம் என்று ஏற்று, முப்பது முறை சோதித்தால், தொடர்பே இல்லாத இடத்தில்கூட ஒன்றிரண்டு "குறிப்பிடத்தக்கது" என்று வந்து நிற்கும்.

ஆனால் இவை எல்லாம் பக்கவாட்டுச் சங்கதிகள். அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் 210 பேரும் குடும்பத் தொழில் செய்பவர்கள். குடும்பம் என்ற காரணம் எல்லோரிடமும் இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கும் ஒன்று எதையும் விளக்கிக் காட்டாது. வீட்டில் உப்பு இருக்கிறதா என்று யாரும் தினமும் கணக்கு எழுதுவதில்லை அல்லவா? எட்டாமிடம் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

———

கல்லாப்பெட்டி | திங்கள், காலை 6.50

கடை திறப்பதற்கு முன் எழுதுகிறேன். எங்களுடையது ஒரு சிறு நகரத்தில் இரும்புச் சாமான் கடை. மூன்றாவது தலைமுறை. உங்கள் படிவம் என்னிடம் வந்திருந்தால் நானும் போக்குவரத்துக்குத்தான் ஒன்று போட்டிருப்பேன், சத்தியமாக.

உண்மையில் நடந்தது இது. தாத்தா அரிசி மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தனியாகக் கடை வைக்கலாம் என்று யோசித்தபோது மூன்று இடங்கள் இருந்தன. முதலாவது, ரயில் நிலையத்துக்கு எதிரே. வியாபாரம் கொட்டும், ஆனால் முன்பணம் அதிகம். இரண்டாவது, சந்தைப்பேட்டை வாசல். மூன்றாவது, பாட்டியின் அண்ணன் வீட்டுத் திண்ணை. அந்தத் தெருவில் அப்போது ஒரு வாகனமும் நுழையாது. தாத்தா திண்ணையில்தான் கடை போட்டார். பாட்டியின் அண்ணன் வாடகை கேட்கவில்லை. அதைவிடப் பெரியது, மதுரையிலிருந்து ஆணி மூட்டை வரும்போது, பணத்துக்கு நான் பொறுப்பு என்று வியாபாரியிடம் அவர் ஒரு சொல் சொன்னார். அந்த ஒரு சொல்லால் இரண்டு மாதக் கடன் கிடைத்தது. மதியம் சாப்பாடு உள்ளேயிருந்து வந்துவிடும், கடையை மூட வேண்டியதில்லை.

பழைய சிட்டை ஒன்று இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்த வரியில் "மச்சான் வகையில் வரவு" என்று ஒரு தொகை. எங்கள் கடையின் முதல் முதலீடு அது. இதை உங்கள் பத்துக் காரணங்களில் எதில் எழுதுவது? வாடகையா, வங்கியா, ஆள் கிடைப்பதா, குடும்பமா? எல்லாம் ஒரே திண்ணைதான்.

அப்புறம் பாகப்பிரிவினை. பெரியப்பாவுக்குப் பழைய கடை போனது. அப்பாவும் சித்தப்பாவும் வேறு இடம் தேட வேண்டும். தெருவில் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு பேச்சு வைத்தார்கள்: அதே தெருவில் அதே சாமான் விற்கக் கூடாது. அப்பா இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்தார். சித்தப்பா அதே தெருவில் பெயிண்ட் கடை வைத்தார். யாருடைய படிவத்திலும் இந்தக் காரணம் இல்லை.

———

தறிச்சத்தம் | திங்கள், காலை 11.05

கல்லாப்பெட்டி எழுதியதில் ஒன்றைக் கவனித்தீர்களா? பாட்டியின் அண்ணன். இடம் கொடுத்தது பெண் வழி உறவு. பவானிக்கரை, உங்கள் படிவத்தில் "சொந்த ஊர்" என்று கேட்டால் உரிமையாளர் தன் அப்பாவின் ஊரைத்தான் எழுதுவார். என் மாமனார் ஊர் வேறு. தறிக்கூடம் இருப்பது என் மாமியார் பிறந்த ஊரில். உங்கள் அட்டவணையில் அவர் வெளியூர்க்காரர், குடும்பக் காரணம் இல்லாதவர் என்று விழுந்துவிடுவார்.

அம்மா ஊர், மனைவி ஊர், அக்காளைக் கொடுத்த ஊர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேள்வியை வீட்டில் இருக்கும் பெண்களிடமும் கேளுங்கள். எங்கள் கூடத்துக்கு ஆய்வுக்கு வந்த ஒருவர் என் கணவரிடம் ஒரு மணி நேரம் பேசினார். நான் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த இடத்துக்கு வந்ததற்கு ஒரே காரணம் கிணறு. நல்ல தண்ணீருக்காக வந்தோம். பாவு போடவும் தண்ணீர் வேண்டும், பிள்ளைகளுக்கும் வேண்டும். அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் கணவர் மின்சாரம் என்று எழுதினார்.

———

கந்தகபூமி | திங்கள், மாலை 5.30

சிவகாசிக்காரன் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் ஊரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்: மழை குறைவு, வறண்ட காற்று, ஆகவே தீப்பெட்டியும் பட்டாசும். காரணமும் விளைவும் அவ்வளவு சுத்தமாகப் பொருந்தும்.

ஆனால் கதை எப்படி ஆரம்பித்தது? 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். கற்றுக்கொண்டு திரும்பி 1923இல் சிவகாசியில் தொழிற்கூடம் தொடங்கினார்கள். இந்தியா முழுவதும் ஈரப்பதத்தை அளந்து பார்த்து மிக வறண்ட ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை அவர்கள். ஊருக்குத் திரும்பினார்கள். அது அவர்கள் ஊர்.

வறட்சிக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. தீக்குச்சி காயவும் மருந்து உலரவும் வெயில் வேண்டும். மழை பொய்த்த மண்ணில் விவசாயத்தை நம்ப முடியாத குடும்பங்கள் வேலைக்கு வந்தன. பிறகு தீப்பெட்டி ஒட்டுப்படத்துக்காக அச்சகம் வந்தது, அச்சகம் நாட்காட்டிக்குப் போனது. அந்தத் தொழில் அங்கே நிலைத்ததற்கு வறட்சி காரணம். அங்கே தொடங்கியதற்கு இரண்டு பேரின் பிறந்த ஊர் காரணம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் பவானிக்கரையின் படிவத்திலும் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் வறண்ட ஊர்கள் எத்தனை! வறட்சி மட்டுமே காரணமானால் அத்தனை ஊர்களிலும் பட்டாசு வெடித்திருக்க வேண்டும். சிவகாசி ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அங்கே வறட்சி இருக்கிறது என்று காட்டுவது எதையும் நிரூபிக்காது. வறண்டும் பட்டாசு வராத ஊர்களைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

———

நிகழ்தகவு | திங்கள், இரவு 9.20

கந்தகபூமி கடைசியாகச் சொன்னதுதான் இந்த இழையின் மையம். தேர்ந்தெடுக்காத இடங்கள் தரவில் இல்லாமல் தேர்வைப் பற்றிப் பேச முடியாது.

இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபேடன் 1974இல் வடிவமைத்த நிபந்தனை லாஜிட். ஒருவர் முன்னால் பல வாய்ப்புகள் இருக்கின்றன, ஒன்றை எடுக்கிறார். எடுத்ததன் பண்புகளையும் விட்டவற்றின் பண்புகளையும் ஒப்பிட்டு, எந்தப் பண்புக்கு எவ்வளவு எடை கொடுத்தார் என்று கணிக்கிறோம். "உங்களுக்கு எது முக்கியம்?" என்று யாரிடமும் கேட்பதில்லை. சான்பிரான்சிஸ்கோவில் பார்ட் என்ற நகர ரயில் வருவதற்கு முன், பயணிகளில் எத்தனை பங்கு அதில் ஏறுவார்கள் என்று இந்த முறையில் கணித்தார். அதிகாரபூர்வக் கணிப்பு 15 விழுக்காடு, அவருடையது 6.3. ஓடத் தொடங்கியபின் வந்தது 6.2.

தொழில் இடத் தேர்விலும் இது நிறையப் பயன்பட்டிருக்கிறது. போர்ச்சுகலில் புதிதாகத் தொழில் தொடங்கியவர்களை வைத்து 2002இல் ஓர் ஆய்வு வந்தது. ஏற்கெனவே வேரூன்றிய பகுதியிலேயே தொடங்குவதற்காக, வேறிடத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கூலிச் செலவானாலும் ஏற்கத் தயாராக இருக்கிறார்கள் என்று அந்தக் கணிப்பு காட்டியது. அவர்களிடம் படிவம் கொடுத்திருந்தால் யாராவது "சொந்த ஊருக்காக மூன்று மடங்கு கூலி கொடுப்பேன்" என்று எழுதியிருப்பார்களா?

பவானிக்கரைக்கு நடைமுறை: ஒவ்வொரு கடைக்கும், அது தொடங்கிய ஆண்டில் அதே ஊரில் கிடைத்திருக்கக்கூடிய நான்கைந்து இடங்களைக் குலுக்கல் முறையில் எடுங்கள். எல்லா மாற்று இடங்களையும் எடுக்க வேண்டியதில்லை, சிலவற்றை எடுத்தாலே கணிப்புப் பிழைக்காது என்பதையும் மெக்ஃபேடனே காட்டியிருக்கிறார். ஒவ்வொரு இடத்துக்கும் சந்தையிலிருந்து தூரம், வாடகை, தாய்க்கடையிலிருந்து (குடும்பத்தின் முதல் கடை) தூரம், தாய்வழி உறவினர் வீட்டிலிருந்து தூரம், மனைவி வழி உறவினர் வீட்டிலிருந்து தூரம். கல்லாப்பெட்டியின் தெருப் பேச்சை இதில் பார்க்க முடியும். தாய்க்கடைக்கு மிக அருகில் யாரும் இல்லாமல், இரண்டு மூன்று தெரு தள்ளி மட்டும் குவிந்திருந்தால், அங்கே ஒரு பேச்சு நடந்திருக்கிறது என்று எண்களே சொல்லும்.

———

சந்தேகி | திங்கள், இரவு 10.10

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். 210 பேர் வேலையை விட்டு உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை நம்ப முடியாது, தூரத்தை அளந்தால் போதும் என்பது அவர்களை அவமதிப்பதாக எனக்குப் படுகிறது. முப்பது வருடம் கடை நடத்தியவருக்குத் தன் தொழில் தெரியாதா?

———

நிகழ்தகவு | திங்கள், இரவு 10.35

நல்ல கேள்வி. அவர்கள் பொய் சொல்லவில்லை. வேறொரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். "ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று படிவம் கேட்டது. "ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறீர்கள்?" என்பதற்கு அவர்கள் பதில் எழுதினார்கள். வந்தது அவர்கள் இல்லையே, அப்பாவோ தாத்தாவோ. இருப்பதுதான் அவர்கள் எடுத்த முடிவு. பஸ் நிறுத்தம் அந்தப் பெரியவர் அங்கே இருப்பதற்கு உண்மையிலேயே முதல் காரணம். ஆகவே அந்த 210 படிவங்களும் வீண் இல்லை. அத்தியாயத்தின் தலைப்பை மாற்றினால் போதும்.

———

பழைய களப்பணியாளர் | செவ்வாய், காலை 7.30

தேசிய மாதிரி ஆய்வில் பல ஆண்டுகள் களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். 1950இல் தொடங்கிய அமைப்பு அது. அங்கே எங்களுக்கு முதலில் கற்றுத் தந்தது பட்டியல் போடுவது. மாதிரி எடுக்கும் முன் தெருவில் உள்ள ஒவ்வொரு வாசலையும் எழுத வேண்டும். பெயர்ப்பலகை உள்ள வாசலை மட்டும் எழுதினால் பாதித் தொழில் விட்டுப்போகும். கதவு சாத்தியிருக்கும், உள்ளே தையல் இயந்திரம் ஓடும். திண்ணையில் பாட்டி அப்பளம் காயவைப்பாள், அது மூன்று கடைகளுக்குப் போகும் சரக்கு. வெளியே நின்றுகொண்டு காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

மகளே, உன் 210 பேரை எப்படி எடுத்தாய்? சங்கத்தில் பட்டியல் வாங்கினாயா, தெரிந்தவர் சொல்லி அடுத்தவர் என்று போனாயா? ஒருவர் இன்னொருவரைக் காட்டிவிடும் முறையில் போனால் ஒரே உறவு வட்டத்துக்குள் சுற்றிவிடுவாய். உறவு எவ்வளவு முக்கியம் என்று அளக்கப் போகும் ஆய்வில், மாதிரியையே உறவின் வழியாக எடுத்துவிட்டால் எதை அளப்பது?

2013-14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 5.85 கோடி தொழிலகங்கள் கணக்கில் வந்தன. அவற்றில் பத்தில் ஏழுக்கும் மேல் கூலிக்கு ஆள் வைக்காமல் வீட்டாரே நடத்துபவை. பதிவு பெறாத தொழில்களுக்காக 2015-16இல் நடந்த 73ஆவது சுற்று மாதிரி ஆய்வில், விவசாயம் சாராதவை மட்டும் 6.3 கோடிக்கு மேல் என்று மதிப்பீடு வந்தது. எண்ணும் முறையும் எல்லையும் மாறினால் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது பார். இதெல்லாம் பெரும்பாலும் குடும்பங்கள்தான். உன் பட்டியலில் இருப்பதோ பலகை வைத்த கடைகள்.

———

பவானிக்கரை | செவ்வாய், மதியம் 1.15

ஐயா, கண்டுபிடித்துவிட்டீர்கள். முதல் நாற்பது பேரைச் சங்கப் பட்டியலிலிருந்து எடுத்தேன். மீதிப் பேர் ஒருவர் சொல்லி ஒருவர். நேற்று இரவு உட்கார்ந்து யார் யாருக்கு உறவு என்று கோடு போட்டுப் பார்த்தேன். ஒரே குடும்பத்தின் ஐந்து கடைகள் ஓரிடத்தில் இருக்கின்றன. அண்ணன் தம்பி என்று தெரியும், ஆனால் ஐந்தும் தனித்தனிப் படிவம், ஐந்து தனித்தனி எண்.

———

நிகழ்தகவு | செவ்வாய், மாலை 4.45

அதற்கு வழி இருக்கிறது. எடுத்துக்காட்டாக 210 கடைகளும் 75 குடும்பங்களுடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குச் சராசரி 2.8 கடை. ஒரே குடும்பத்துக்குள் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் தொடர்பெண் 0.6 என்றால், வடிவமைப்பு விளைவு (இந்த ஒற்றுமையால் மாதிரி எத்தனை மடங்கு வலுவிழக்கிறது என்பது) 1 + (2.8 − 1) × 0.6, அதாவது 2.08. 210ஐ அதால் வகுத்தால் ஏறத்தாழ 101. உங்கள் கையில் இருப்பது 210 கடைகள் தரும் செய்தி இல்லை, 101 கடைகள் தரும் செய்திதான். திட்டப் பிழையை, அதாவது கணிப்பு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவை, குடும்பவாரியாகத் தொகுத்துக் கணக்கிடுங்கள். அல்லது கடைகள் குடும்பத்துக்குள், குடும்பங்கள் ஊருக்குள் என்று பலநிலைக் கணிப்பு வடிவமாக அமையுங்கள். எண்ணிக்கை குறைகிறதே என்று வருந்த வேண்டாம். ஐந்து சகோதரர்கள் எப்படிப் பிரிந்து எங்கெங்கே போனார்கள் என்பது உங்கள் ஆய்வில் மிகச் செழிப்பான பகுதியாக வரக்கூடும்.

———

நொய்யல் | செவ்வாய், இரவு 8.00

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் உறவின் நன்மையையே பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் சேர்க்க வேண்டும்.

எங்கள் பின்னலாடைத் தொழிலை வைத்து அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்து ஏற்றுமதியாளர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் என இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் கூடுதல் முதலீட்டோடு தொடங்கினார்கள், எந்தக் கட்டத்திலும் அவர்களிடம் முதலீடு கூடுதலாகவே இருந்தது. வெளியூர்க்காரர்கள் சிறிதாகத் தொடங்கினாலும் அவர்களுடைய ஏற்றுமதி வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் முந்திவிட்டது. பணம் திறமை இருக்கும் இடத்துக்குப் போகாமல் உறவு இருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறது என்பது அவர்களின் முடிவு. கல்லாப்பெட்டியின் தாத்தாவுக்கு மச்சான் இருந்தார். மச்சான் இல்லாதவர் எந்தத் திண்ணையில் கடை போடுவார்?

———

கல்லாப்பெட்டி | செவ்வாய், இரவு 9.30

நொய்யல் சொல்வது வலிக்கிறது, ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் தெருவுக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வந்து கடை வைத்தார். எங்களைவிட நன்றாக வியாபாரம் தெரிந்தவர். அவருக்குச் சரக்கு தர யாரும் முன்வரவில்லை, ரொக்கம் கொடுத்துத்தான் வாங்கினார். இரண்டு வருடத்தில் பூட்டிவிட்டுப் போனார். அந்தக் கதவில் அவர் எழுதி வைத்த விலைப்பட்டியல் வெகுநாள் அழியாமல் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போது அதைப் படித்துக்கொண்டே போவேன்.

———

நிகழ்தகவு | செவ்வாய், இரவு 10.25

பவானிக்கரை, அந்தப் பூட்டிய கதவு உங்கள் 210இல் எங்கே இருக்கிறது? இன்று திறந்திருக்கும் கடைகளிடம் மட்டும் கேட்டிருக்கிறீர்கள். உறவு இல்லாமல் வந்தவர்கள் பலர் ஏற்கெனவே மூடிவிட்டுப் போயிருந்தால், மிஞ்சியவர்களில் உறவோடு இருப்பவர்களே நிறைந்திருப்பார்கள். அதைப் பார்த்து "எல்லோரும் உறவைப் பார்த்துத்தான் இடம் தேடினார்கள்" என்று எழுதினால் தவறு. தேடியபோது அப்படி இல்லை, பிழைத்தபோது அப்படி ஆனது. டென்மார்க்கில் 2012இல் வந்த ஆய்வு ஒன்றில், நெடுநாள் வாழ்ந்த ஊரிலேயே தொடங்கியவர்களின் நிறுவனங்கள் கூடுதல் காலம் நீடித்தன, லாபமும் கூடுதல் என்று தெரிந்தது. சொந்த ஊர்ப் பாசம் வெறும் பாசம் இல்லை என்று அதிலிருந்து புரிகிறது. அதை அவர்களால் பார்க்க முடிந்ததற்குக் காரணம், மூடிய நிறுவனங்களும் அரசுப் பதிவேட்டில் இருந்தன.

இப்படி வடிகட்டிய மாதிரியைத் திருத்த ஜேம்ஸ் ஹெக்மன் 1979இல் ஒரு முறை தந்தார். 2000ஆம் ஆண்டுப் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவர் ஹெக்மனும் மெக்ஃபேடனும்தான். உங்கள் ஆய்வுக்குத் தேவையான இரண்டு கருவிகளுக்கும் ஒரே ஆண்டில் பரிசு. ஆனால் ஹெக்மன் முறையும் சும்மா வேலை செய்யாது. மூடியவர்கள் யார் என்ற தகவல் ஓரளவாவது வேண்டும்.

———

நொய்யல் | புதன், காலை 6.20

இன்னொரு வழியும் உண்டு. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. யாரும் தேர்ந்தெடுக்காமல், எல்லோருக்கும் ஒரே நாளில் இடம் பறிபோனது. அப்படிப்பட்ட நேரத்தில் குடும்பங்கள் எங்கே போயின, யாரிடம் போயின என்று பார்த்தால் அறுபது வருடத்துக்கு முந்தைய நினைவை நம்ப வேண்டியதில்லை. அந்த மாதங்களில் எங்கள் தெருவில் இருந்த அமைதியை இன்னும் மறக்கவில்லை. சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. யாராவது இதை ஆய்வு செய்ய வேண்டும் என்று நெடுநாளாக நினைக்கிறேன்.

———

பழைய களப்பணியாளர் | புதன், காலை 8.10

மூடிய கடைகளைத் தேடும் வழி நான் சொல்கிறேன். நகராட்சியில் பழைய தொழில் உரிமப் பதிவேடு இருந்தால் கேள். கிடைக்காவிட்டால் வில்லங்கச் சான்று: கட்டடம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஆண்டுவாரியாக வரும், வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உறவு இருந்தால் பெயரிலேயே பாதி தெரிந்துவிடும். வாடகைக்கு இருந்தவர்கள் அதில் வரமாட்டார்கள், அவர்களுக்குப் பழைய தொலைபேசி விவரப் புத்தகம். கடைப் பெயரும் தெருவும் இருக்கும். இரண்டு வேறு ஆண்டுப் புத்தகங்களை ஒப்பிட்டால் எது போனது, எது வந்தது என்று தெரியும். பட்டியல் கிடைத்ததும் தெருவில் தேநீர்க் கடைக்காரரிடம் காட்டு. மூடிய கடையின் காரணம் அவருக்குத் தெரியும்.

———

பவானிக்கரை | சனி, இரவு 9.50

மூன்று நாட்களாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். களத்தில் இருந்தேன்.

புளியமரத்துப் பெரியவரிடம் மறுபடியும் போனேன். படிவத்தை எடுத்துப் போகவில்லை. "அப்பா கடை வைப்பதற்கு முன் வேறு எந்த இடம் பார்த்தார்?" என்று மட்டும் கேட்டேன். எட்டு மாதத்தில் இந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "வாருங்கள்" என்று என்னை அழைத்துக்கொண்டு நடந்தார்.

முதல் இடம் இப்போது செல்பேசிக் கடை. அவர் அப்பா முன்பணம் கொடுத்துவிட்டாராம். கட்டடக்காரர் வேறு ஒருவருக்குப் பெண்ணைக் கொடுத்ததால் மருமகனுக்கு அந்த இடம் போய்விட்டது. முன்பணம் திரும்பி வந்தது. இரண்டாவது இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை, இரும்புக் கதவு பூட்டிக் கிடக்கிறது. அங்கே அவர் அப்பாவின் நண்பர் ஒருவர் வேட்டிக் கடை வைத்திருந்தாராம். எவ்வளவு நாள் நடத்தினார் என்று கேட்டேன். பெரியவர் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். "எனக்குக் கல்யாணமான வருடம் மூடினார். இங்கே அவருக்கு யாரும் இல்லை" என்றார்.

அந்த நண்பரின் பெயரும் கடைப் பெயரும் குறித்துக்கொண்டேன். தெருவில் மூடிய கடைகள் என்று இதுவரை பதினான்கு சேர்ந்திருக்கின்றன. எல்லாமே அந்தப் பெரியவரும், எதிர்த் தேநீர்க் கடைக்காரரும், தறிச்சத்தம் சொன்னபடி நான் போய்ப் பேசிய மூன்று பாட்டிமார்களும் சொன்னவை. நெறியாளரிடம் இன்னும் பேசவில்லை. திங்கட்கிழமை பேச வேண்டும். தொலைபேசிப் புத்தகத்துக்காக இரண்டு நூலகங்களில் கேட்டேன், பழையவற்றைக் கழித்துவிட்டதாகச் சொன்னார்கள். யாரிடமாவது 1990க்கு முந்தைய ஈரோட்டுப் புத்தகம் இருக்குமா?

———

தறிச்சத்தம் | ஞாயிறு, காலை 7.05

எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு இருக்கின்றன. மாமனார் எதையும் தூக்கிப் போடமாட்டார். ஒன்றின் அட்டை கிழிந்துவிட்டது, உள்ளே பக்கங்கள் சரியாக இருக்கின்றன. ஜவுளி என்ற பகுதியில் அவர் பென்சிலால் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னக் குறுக்குக்கோடு போட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். சரக்கு அனுப்பிப் பணம் வராத கடைகளாம். பக்கங்களைப் படம் எடுத்து இன்று மாலைக்குள் அனுப்புகிறேன்.